பெற்றுக்கொண்டவர் கையொப்பம்

மார்ச் 17, திங்கள்

டைரியில் இன்று ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறது. டைரி போன வருடத்தது. நகராட்சியில் நிரந்தரப் பணியாளர்களுக்குத்தான் இந்த வருட டைரி. என்னைப் போன்ற திட்டப் பணியாளர்களுக்கு, மிச்சம் கிடந்தால் போன வருடத்தது. தினமும் கிழமையை அடித்துத் திருத்திவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டியிருக்கிறது. பத்தாவது பாஸ், பன்னிரண்டாவது இங்கிலீஷில் பெயில் ஆன எனக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று வருடமாக எனக்கு வேலை மீன் வளர்ப்பது. குழம்பு வைக்கிற மீன் இல்லை. கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன், சுண்டுவிரலில் பாதி இருக்கும். பழைய வாரச்சந்தைக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் தொட்டிகள், விரிசல் விட்டவை, தினமும் தண்ணீர் விட வேண்டும். கிணறு, தரைத்தொட்டி வைத்திருக்கிறவர்கள் வந்து கேட்டால் பிடித்துக் கொடுக்க வேண்டும். டெங்குத் தடுப்புக்கு வந்த மானியத்தில் போட்ட வேலை. ஆணையின் தலைப்பிலேயே ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ‘முற்றிலும்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

இன்று இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில், மார்ச் 31-உடன் மானியம் முடிகிறது, அன்றே என் பணியிடமும் தானாக ஒழிந்துவிடும் என்று இருந்தது. இரண்டாவது நல்ல கடிதம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல்நோக்குப் பணியாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது வேறு மானியம், பதினோரு மாதம். பழைய வேலையிலிருந்து விடுவிப்பு ஆணை வாங்கிக்கொண்டு ஏப்ரல் 15 முற்பகலுக்குள் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மனைவி மாரிக்கனியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன்.

“அப்ப திருப்பூர் போக வேண்டியதில்லையில்ல?” என்றாள்.

இல்லை என்றேன். அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டதென்று உள்ளே போனாள். அடுப்பு பற்றவே வைத்திருக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

விடுவிப்பு ஆணை கேட்டு மனு எழுதிக்கொண்டு போனேன். பவதாரணிதான் எழுதித் தந்தாள். மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது. அதற்கு நடுவில் அப்பனுக்கும் எழுத வேண்டியிருக்கிறது.

பணியாளர் பிரிவில் ஜெபராணி மேடம் மனுவைக் கடைசிவரை படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது, யார் எழுதியது என்று கேட்டார். சொன்னேன். பிறகு ஒரு வெள்ளைப் படிவத்தை எடுத்து வைத்தார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல். என்னிடம் இருக்கிற நகராட்சிச் சொத்தையெல்லாம் அதில் எழுத வேண்டும். கீழே இடது பக்கம் ‘ஒப்படைத்தவர் கையொப்பம்’, வலது பக்கம் ‘பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’. இரண்டும் இருந்தால்தான் விடுவிப்பு.

இடது பக்கம் உடனே போட்டுவிட்டேன். வலது பக்கம் யார் போடுவார்கள் என்று கேட்டேன். என் பணியிடத்துக்கு அடுத்து வருகிறவர் போட வேண்டும் என்றார். அடுத்து யார் வருவார் என்றேன்.

“பணியிடமே 31-ஆம் தேதி ஒழிஞ்சு போகுதேண்ணே. இல்லாத இடத்துக்கு யாரு வருவா?”

அதைத்தான் மேடம் கேட்கிறேன் என்றேன். அவரும் அதைத்தான் சொல்வதாகச் சொன்னார். இருவரும் ஒரே கட்சி என்பது ஆறுதலாக இருந்தது. வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோதுதான், என் கையில் இன்னும் அந்தப் படிவம்தான் இருக்கிறது என்று உறைத்தது.

மார்ச் 24, திங்கள்

நிரந்தரப் பணியிடத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம் என்று ஜெபராணி மேடம் விதியைப் பார்த்துச் சொன்னார். அதனால் இன்று ஆள் தேடும் படலம்.

முதலில் சுகாதார ஆய்வாளர் அரியநாயகம் சாரிடம் போனேன். மூன்று வருடமாக எனக்கு மேலதிகாரி அவர்தான். படிவத்தைக் கையில் வாங்காமலேயே எட்டிப் படித்தார்.

“சோலை, எனக்கு முன்னாடி இருந்த ஆளு இல்லாத பதினாலு தள்ளுவண்டிய என் தலையில எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒம்பது வருஷமா அந்த வண்டிகளத் தேடிக்கிட்டு இருக்கேன். இப்ப உயிரோட இருக்கிற மீன வேற நான் வாங்கிக்கணுமா? அது பாட்டுக்குச் சாகும், நான் பாட்டுக்கு விளக்கம் எழுதணும்.”

அடுத்து அலுவலகக் காவலாளி பிச்சைமணி அண்ணன். என்னைக் கண்டால் டீ வாங்கித் தருகிறவர். இன்றும் வாங்கித் தந்தார். படிவத்தைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஜூனில் ஓய்வு பெறுகிறார். எந்தப் பொருளும் தன் பேரில் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் ஓய்வூதியக் கோப்பு நகருமாம்.

“முப்பத்தோரு வருஷம் ஒரு துடைப்பத்தக்கூட என் பேருல எழுத விடாமக் காப்பாத்தி வச்சிருக்கேன் தம்பி. கடைசி மூணு மாசத்துல மீன் வளக்கச் சொல்றியே” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என் பிரச்சினை. யார் மறுத்தாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல எனக்குப் படுகிறது.

மார்ச் 27, வியாழன்

பவாவுக்குக் கடைசிப் பரீட்சை. சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். “ஆர்டர் குடுத்துட்டாங்களாப்பா?” என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

மார்ச் 31, திங்கள்

கடைசி வேலை நாள் ரம்ஜான் விடுமுறையில் வந்திருக்கிறது. மாலை மரியாதை எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் ஆபீஸ் திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டிக்குப் போய்ப் புண்ணாக்குத் தூள் போட்டுவிட்டு வந்தேன். மீன்களுக்கு மானியம் முடிந்தது தெரியவில்லை. வழக்கம்போல மேலே வந்தன.

ஏப்ரல் 1, செவ்வாய்

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். சரி, போகலாம் என்று திரும்பினேன். ஜெபராணி மேடம் கூப்பிட்டார். தொட்டிக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்டார்.

நான்தான் வேலையில் இல்லையே என்றேன்.

“நீங்க பணியில இல்லண்ணே. ஆனா பொறுப்புல இருக்கீங்க.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பணியில் இருந்தால் கையெழுத்துப் போடலாம், பொறுப்பில் இருந்தால் பதில் சொல்ல வேண்டும் என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை.

ஆக இன்று முதல் நான் நகராட்சியின் ஆள் இல்லை. அதே சமயம் நகராட்சி என்னை விடவும் இல்லை. தண்ணீர் விட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று மானம் போனது. கொஞ்சம்தான் இருந்தது, அதுவும்.

பட்டியலில் மீன் எத்தனை என்று எழுத வேண்டுமாம். ஜெபராணி மேடம் இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். முதல் பக்கத்தைப் பார்த்தார், பத்தாவது பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முப்பத்தாறு மாதமும் ஆரம்ப இருப்பு இருநூறு, இறுதி இருப்பு இருநூறு. பிறப்பு இல்லை, இறப்பு இல்லை, வழங்கியதும் இல்லை.

நடந்தது இதுதான். முதல் மாதம் நான் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு போனேன். பிறந்தவை சுமார் முந்நூறு, செத்தவை இருபது, தாய் மீன்களே தின்றவை தெரியாது, கிணறுகளுக்குக் கொடுத்தவை தொண்ணூறு என்று. அப்போது இந்த நாற்காலியில் இருந்தவர் (மாற்றலாகிப் போய்விட்டார்) அடித்துவிட்டார். வழங்கல் பதிவேடு இன்னும் அச்சாகி வரவில்லை, அது வராமல் வழங்கியதாக எழுதக் கூடாது, வழங்காமல் கூடினால் ஏன் கூடியது என்று கேட்பார்கள், அதனால் வாங்கிய எண்ணிக்கையையே போட்டு வா என்றார். போட்டு வந்தேன். அந்தப் பதிவேடு இதுவரை அச்சாகவில்லை. நடுவில் சென்னையிலிருந்து மானியக்காரர்கள் பார்வைக்கு வந்தபோது, இந்த ஊர்ப் பதிவேட்டில் மட்டும்தான் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

“தொட்டியில இப்ப நெசமா எத்தன இருக்கும்?” என்று கேட்டார்.

மூவாயிரம் இருக்கலாம் என்றேன். மேடம் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்தால் என்னிடம் பிடித்தம், கூடினால் விசாரணை. எண்ணும்போது இருநூறு இருந்தால் நல்லது என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

மாரிக்கனி ஏணி போட்டுப் பரணிலிருந்து திருப்பூர்ப் பையை இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தூசியாக இருந்தது என்று அவளாகவே சொன்னாள்.

எட்டு வருடம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் வந்து ராத்திரி பஸ் ஏறுவேன். பவாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, கதவைத் தட்டினால் ஓடி வந்து பார்த்துவிட்டு, “அம்மா, திருப்பூர் வந்துருக்கு” என்று உள்ளே குரல் கொடுப்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரிப்பேன்.

அந்தப் பட்டறை மேஸ்திரி போன வாரம் போன் செய்திருந்தான். இடம் இருக்கிறதாம், 16-ஆம் தேதிவரை பார்ப்பானாம். எல்லோருக்கும் நான் ஏப்ரல் நடுவில்தான் வேண்டியிருக்கிறேன்.

பவாவின் போன் மேஜையில் கிடந்தது. சும்மா என் போனிலிருந்து ஒரு அழைப்புக் கொடுத்துப் பார்த்தேன். அதில் ‘அப்பா’ என்று வந்தது. சிக்னல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

விதி ஒப்புமா என்று தெரியாமலேயே வேறு திட்டங்களில் இருக்கிற ஆட்களையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். தெருவிளக்குத் திட்டம், குப்பை பிரிக்கும் திட்டம், தெருநாய் பிடிக்கும் நாய்த் திட்டம். அவர்கள் மானியம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீனை வாங்கிக்கொண்டால் அடுத்த வருடம் அவர்களும் என்னைப்போல் அலைய வேண்டும் என்பது அவர்களுக்கே புரிகிறது. நாய்த் திட்டத்துக்காரன் மட்டும், மீனுக்குப் பதிலாக நாலு நாயை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டான்.

மதியம் அரியநாயகம் சார் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“பாரு சோலை. உயிரோட இருந்தாத்தான ஒப்படைக்கணும். செத்துப் போச்சுன்னா ஒப்படைக்க ஒண்ணுமில்ல. வெயில் காலம், தொட்டி வத்தும், மீன் சாகும். நான் வந்து பாத்து, இயற்கை இறப்புன்னு ஒரு வரி எழுதிடுறேன். மறுநாளே உனக்கு ஆர்டர்.”

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

“நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செய்யாம இருந்தாப் போதும்” என்றார்.

ஏப்ரல் 5, சனி

தொட்டிக்குப் போகவில்லை. சைக்கிள் பஞ்சர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போகவில்லை. ஞாயிறு. மாரிக்கனி ஆட்டுக்குடல் எடுத்திருந்தாள். சரியாகச் சாப்பிட முடியவில்லை, காரம் அதிகம். பவா காரமே இல்லை என்றாள். வெயில் பயங்கரமாக அடிக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

காலை ஏழு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரே மிதி.

பெரிய தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. சின்னத் தொட்டியில் நடுப்பள்ளத்தில் மட்டும் பச்சையாகத் தேங்கியிருந்தது. எல்லாம் அந்தப் பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. என் நிழல் விழுந்ததும் அப்படியே வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தன. புண்ணாக்கு போடுகிற ஆள் வந்துவிட்டான் என்று.

குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனை அடிபம்பிலிருந்து குடத்தில் தூக்கினேன். நாற்பது குடமோ நாற்பத்தைந்தோ. பத்தொன்பது மீன் செத்திருந்தது. முருங்கை மரத்தடியில் போட்டு மண் தள்ளினேன்.

மூன்று வருடத்தில் முதல்முறையாகச் சரியாக எண்ணி எழுதுகிறேன். இறப்பு: பத்தொன்பது.

அரியநாயகம் சார் சாயங்காலம் பார்த்து, “என்னய்யா, வத்திருச்சா?” என்றார். இல்லை சார், எங்கிருந்தோ தண்ணீர் ஊறுகிறது என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் மாரிக்கனி தையல் கடையிலிருந்து வந்ததும் மூவரும் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்றால், நான் இதுவரை நடந்ததை நகைச்சுவையாகச் சொன்னேன். தள்ளுவண்டி, துடைப்பம், நாலு நாய் எல்லாம். சனி, ஞாயிறை விட்டுவிட்டேன். மாரிக்கனி சிரித்துக்கொண்டே, சட்டை எத்தனை எடுத்து வைக்கட்டும் என்று கேட்டாள். அதற்கப்புறம் நகைச்சுவை நின்றுவிட்டது.

பவா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்த ஆஸ்பத்திரியும் நகராட்சியோடதுதானப்பா? அங்க சேந்துட்டா நீயும் ஒரு திட்டத்துல இருக்கிற ஆளுதான? அப்ப நீயே குடுத்து நீயே வாங்கிக்கோயேன்.”

அடுத்த வருடம் பன்னிரண்டாவது போகிற பிள்ளை இப்படியா யோசிக்கும் என்று மாரிக்கனி திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் படிவத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

ஜெபராணி மேடத்திடம் பவா சொன்னதை வேடிக்கையாகச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அரை மணி நேரம் படித்தார். நான் நின்றேன், பிறகு உட்கார்ந்தேன், பிறகு அவருக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தேன்.

“பெற்றுக்கொள்பவர் நடப்பிலுள்ள திட்டம் ஒன்றின் பணியாளராகவும் இருக்கலாம்னு போட்டிருக்கு. அவரு வேற ஆளா இருக்கணும்னு எங்கயும் போடல” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. சேர்ந்தால்தான் நான் திட்டப் பணியாளர். விடுவித்தால்தான் சேர முடியும். மீனை வாங்க ஆள் இருந்தால்தான் விடுவிப்பு. அந்த ஆள் நான். நான் இன்னும் சேரவில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

“விடுவிப்பும் முற்பகல், சேர்வதும் முற்பகல்னு போட்டுருவோம். முற்பகல்னா காலையில பத்துலருந்து மதியம் ஒண்ணு வரைக்கும். அதுக்குள்ள எது முன்னாடி எது பின்னாடின்னு விதி கேக்காது.”

மூன்று மணி நேரத்தை ஒரே நொடியாக்கிவிட்டார். இந்த அம்மாவின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோப்பு ஆய்வாளர் வழியாக ஆணையருக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து மீனை எண்ணுவதாகச் சொன்னார். இருநூறு, மறந்துவிடாதீர்கள் என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆபீஸ் விடுமுறை. நல்லதாகப் போயிற்று. சந்தைத் தெருவில் மீன் இலவசம் என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தேன். குடம், வாளி, பால் தூக்கு, ஐஸ்கிரீம் டப்பா என்று எல்லாம் வந்தது. ஒரு பாட்டி மட்டும் எண்ணெய் வாணலி கொண்டுவந்தார். விளக்கம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இருநூறை மட்டும் தொட்டியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெருமாள் கோயில் கிணற்றிலும், பள்ளிக்கூடக் கிணற்றிலும், பாழடைந்த மூன்று கிணற்றிலும் விட்டேன்.

மூன்று வருடத்தில் இந்த ஊர்க் கொசுவுக்கு இன்றைக்குத்தான் நான் உண்மையான கெடுதல் செய்திருக்கிறேன். அதுவும் வேலையில் இல்லாதபோது.

ஏப்ரல் 11, வெள்ளி

மேடம் குடையோடு வந்தார். நான் சல்லடையால் பத்துப் பத்தாக அள்ளிப் பிளாஸ்டிக் தொட்டியில் விட, அவர் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். முதல்முறை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மறுபடி எண்ணினோம். இருநூறு. அப்பாடா என்று பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தால், ஓரத்தில் கண் மட்டும் தெரிகிற மாதிரி ஏழெட்டு தூசிகள் நீந்துகின்றன. இந்த மீன் முட்டை போடாது, குட்டிதான் போடும். எங்கேயும் இடம் கிடைக்காமல் அந்தத் தாய் நகராட்சித் தணிக்கைக்கு நடுவில் பெற்றுவிட்டாள்.

மேடம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் சல்லடையோடு நின்றேன். அவற்றை என்ன செய்யச் சொல்வாரோ என்று பயமாக இருந்தது.

“எண்ணி முடிச்சது பதினொண்ணே கால். இது அதுக்கப்புறம் பிறந்தது. அடுத்தவர் பொறுப்பு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தவர் யார் என்பது இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 12, சனி

நேற்று எண்ணி முடித்ததும் இரண்டு பக்கமும் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கோப்பு திரும்பிவிட்டது. அரியநாயகம் சார் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘இரு கையொப்பங்களும் ஒன்றுபோல் உள்ளன.’

போய்க் கேட்டேன். நான் இரண்டு பக்கமும் ஒரே ஆள், ஒன்றுபோல்தான் இருக்கும் என்றேன்.

“ஒரே ஆளுங்கிறது பிரச்சினை இல்ல சோலை, விதி இடம் குடுக்குது. ஆனா ரெண்டு கட்டத்துலயும் ஒரே கையெழுத்து கிடந்தா, ஆடிட்ல வர்றவன் கட்டம் மாறிப் போட்டுட்டான்னு நினைப்பான். வாங்குன ஆளு கையெழுத்தே இல்லன்னு எழுதுவான். பதில் யாரு சொல்றது? வேற மாதிரி போட்டுக் கொண்டா. செவ்வாய்க்கிழமை காலையிலயே அனுப்பிடுறேன்.”

நாளை ஞாயிறு. திங்கள் சித்திரை ஒன்று, விடுமுறை. செவ்வாய் பதினைந்து. ஒரே முற்பகல்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒரு நோட்டு முழுக்கப் போட்டுப் பார்த்தேன். சாய்த்துப் போட்டேன், நிமிர்த்திப் போட்டேன், ‘ச.’ இல்லாமல் போட்டேன், இடது கையால் போட்டேன். எதைப் போட்டாலும் கடைசியில் ‘ன்’ புள்ளி அதே இடத்தில் போய் உட்காருகிறது. பவா பக்கத்தில் இருந்து மார்க் போட்டாள். எல்லாம் பெயில்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வடை. மாரிக்கனி பையில் சட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். புதன்கிழமை பஸ் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சட்டைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

பவா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தவள் ஒரு அட்டையை எடுத்தாள். பட்டறை அடையாள அட்டை. துவைத்தும் சாகவில்லை, லேமினேஷன். அதில் என் போட்டோவுக்குக் கீழே கையெழுத்து, இங்கிலீஷில். பட்டறைப் பதிவேட்டில் இங்கிலீஷில்தான் போட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதால் பழகியது. ஒரு பெரிய எஸ், அப்புறம் ஒரே இழுப்பு, கடைசியில் ஒரு கொக்கி. புள்ளி கிடையாது.

“அப்பா, இது உன்னோடதா?”

என்னுடையதுதான் என்றேன். போட்டுக் காட்டச் சொன்னாள். மூன்று வருடமாகப் போடவில்லை, இனிமேல் போடவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன். கை மறக்கவில்லை. முதல் தடவையிலேயே கொக்கி சரியாக விழுந்தது.

மாரிக்கனி சட்டையை மடித்தபடி எட்டிப் பார்த்தாள். “அந்தாளு கையெழுத்து” என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒன்பதே முக்காலுக்கே வாசலில் நின்றேன். பிச்சைமணி அண்ணன் எனக்காகக் கதவை ஐந்து நிமிடம் முன்னால் திறந்தார். இதையும் தன் பேரில் எழுதிவிடாதே என்றார்.

ஜெபராணி மேடம் புதுப் படிவம் எடுத்து வைத்தார். கம்பூசியா மீன், எண்ணிக்கை இருநூறு. சல்லடை ஒன்று. வாளி இரண்டு. இடது பக்கம் ‘ச. சோலையப்பன்’ என்று தமிழில் போட்டேன். பேனாவை வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். வலது பக்கம் எஸ், இழுப்பு, கொக்கி. நகராட்சிக்காரன் கொடுத்தான், திருப்பூர்க்காரன் பெற்றுக்கொண்டான். எட்டு வருடம் என்னை வீட்டைவிட்டு வெளியே வைத்த கையெழுத்து அது. ஒரு உதவி செய்துவிட்டுப் போகட்டும்.

அரியநாயகம் சார் பூதக்கண்ணாடி கேட்காத குறை. இரண்டையும் பார்த்து, “இப்ப ரெண்டு ஆளு மாதிரி இருக்கு” என்று ஒப்பமிட்டார். ஆணையர் கூட்டத்தில் இருந்தார். பதினொன்றரை. பன்னிரண்டு. கூட்டத்தில் டீ போனது, தம்ளர் வந்தது. பன்னிரண்டு இருபதுக்கு ஜெபராணி மேடம் கோப்பை எடுத்துக்கொண்டு தானே கூட்டத்துக்குள் போனார். மூன்று வருடத்தில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

விடுவிப்பு ஆணை கைக்கு வந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. சுகாதார நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர். ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு குனிந்து கடந்தேன். நாற்பத்துநாலு வயதில் செய்யக் கூடாதது. டாக்டரம்மா மேஜையில் சேர்க்கை அறிக்கையை வைத்தபோது சுவர்க் கடிகாரம் ஒரு மணியாக இன்னும் ஆறு நிமிடம் என்று காட்டியது. இந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடும் என்று நர்ஸம்மா சொன்னார். அப்படியானால் ஒரு நிமிடம் மிச்சம்.

‘முற்பகல்’ என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மாரிக்கனி எடுத்தாள். சேர்ந்துவிட்டேன் என்றேன். சரி என்றாள். அப்புறம், மத்தியானம் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

காலை ஆறு மணிக்குத் தொட்டி. பெற்றுக்கொண்டவர் நான் அல்லவா, தண்ணீரும் புண்ணாக்கும் இனிமேல் என் பொறுப்பு. எட்டு மணிக்குச் சுகாதார நிலையம். ஆக ஒரு வேலை போய் ஒன்றரை வேலை வந்திருக்கிறது. பழைய சந்தை இடத்தில் நகராட்சி இனிப் புண்ணாக்கு வைக்காது, அந்த மானியம் முடிந்துவிட்டது. மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பிறந்தவை போல இன்னும் பத்துப் பதினைந்து கண்ணில் பட்டன. இந்த முறை எழுதி வைக்கப் போகிறேன்.

பட்டறை மேஸ்திரிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான்.

புது ஆணையை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். முற்றிலும் தற்காலிகமானது. மார்ச் 14-உடன் முடிகிறது. பவாவுக்கு அப்போது பன்னிரண்டாவது பரீட்சை பாதியில் இருக்கும்.

சாயங்காலம் சட்டைகள் கொடிக்குத் திரும்பியிருந்தன. பை மட்டும் பரணுக்குப் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“பதினோரு மாசந்தான. மறுபடி ஏணி போட்டு யாரு இறக்குறது?”

கொஞ்ச நேரம் கழித்து, புண்ணாக்கை எலி கடிக்கிறது, அந்தப் பையில் கொட்டி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முறைத்தாள். பை நல்ல பை, வாடை ஏறினால் போகவே போகாது என்றாள். அப்புறம் அவளே ஜிப்பைத் திறந்து வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் கொட்டினேன்.